1,200 என்றால் எவ்வளவு?

திருகோணமலை சீனக்குடாவின் எண்ணெய்க் குதங்களைப் பிரித்தானியர் அடியிலும் அங்குலத்திலும் அளந்து கட்டினார்கள். இரண்டாம் உலகப் போருக்கு முன்பே எழுந்த அந்த இரும்புத் தாங்கிகளில் 99 இன்றும் கணக்கில் இருக்கின்றன. 2022 ஜனவரியில் கையெழுத்தான உடன்படிக்கைப்படி 14 தாங்கிகள் லங்கா ஐஓசிக்கும், 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 61 இரண்டும் சேர்ந்து அமைத்த கம்பனிக்கும் என்று பிரிக்கப்பட்டன. இனி அங்கே குழாய் பதிப்பதானாலும் தாங்கியைச் செப்பனிடுவதானாலும் படவரைஞர் கணினியில் வரையப்போவது மில்லிமீற்றரிலும் மீற்றரிலும்தான். அடியில் பிறந்த ஒரு பொருள் மீற்றர் வரைபடத்துக்குள் எப்படி வந்து சேருகிறது?

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஆச்சரியமான ஒரு விடயம்: கோடு வரையும் கணினிக்கு அலகு தெரியாது. 1982இல் வெளிவந்து உலகெங்கும் பரவிய ஆட்டோகேட் மென்பொருளில் ஒரு கோடு என்பது அதன் இரு முனைகளின் எண்கள் மட்டுமே. ஒரு வட்டத்தின் விட்டம் 1,200 என்றால், கோப்பில் இருப்பது 1,200 என்ற எண்தான். அது அங்குலமா, மில்லிமீற்றரா, கிலோமீற்றரா என்பது வட்டத்துக்குள் எங்கும் எழுதப்பட்டிருக்காது.

இது குறையல்ல, வடிவியலின் பலம். வட்டம் எந்த அளவிலும் வட்டம்தான். செங்கோணம் எந்த அளவிலும் செங்கோணம்தான். அதனால்தான் ஒரே மென்பொருளில் கைக்கடிகாரச் சக்கரத்தையும் வரையலாம், துறைமுகத்தையும் வரையலாம். அலகைக் குறிக்கக் கோப்பின் தலைப்பகுதியில் ஓர் எண் தனியே இருக்கிறது. 1 என்றால் அங்குலம், 2 என்றால் அடி, 4 என்றால் மில்லிமீற்றர், 6 என்றால் மீற்றர். அந்தப் பட்டியல் அணுக்களை அளக்கும் ஆங்ஸ்ட்ரோமையும், விண்மீன் தொலைவுகளை அளக்கும் ஒளியாண்டையும் பார்செக்கையும்கூட உள்ளடக்கியது. 0 என்றால் அலகு சொல்லப்படவில்லை என்று பொருள்.

இந்தத் தலைப்பெண் டப்பாவின் மேல் ஒட்டிய லேபல் போன்றது. லேபலை மாற்றினால் உள்ளே இருக்கும் உப்பு சீனியாகாது. நூறு அடி விட்டமுள்ள ஒரு தாங்கியை ஒருவர் அங்குலத்தில் வரைந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எண் 1,200. அலகு அமைப்பில் மில்லிமீற்றரைத் தெரிவு செய்தால் எண் மாறாது, தாங்கி 1.2 மீற்றர் விட்டமுள்ள பீப்பாயாகிவிடும். உண்மையில் செய்ய வேண்டியது, வரைபடத்தின் ஒவ்வொரு புள்ளியையும் 25.4ஆல் பெருக்குவது. அப்போதுதான் 1,200 என்பது 30,480 ஆகும். தாங்கி தன் அளவில் நிற்கும். லேபலை மாற்றுவது ஒரு வேலை, அளவை மாற்றுவது இன்னொரு வேலை. ஆட்டோகேட்டில் இரண்டுக்கும் தனித்தனிக் கட்டளைகள் உண்டு. அலகு மாற்றத்தில் வரும் குழப்பங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் ஒன்றென்று நினைப்பதால் வருபவை.

லேபலால் பயனில்லை என்பதல்ல. அங்குல வரைபடம் ஒன்றை மில்லிமீற்றர் வரைபடத்துக்குள் செருகும்போது, இரு லேபல்களையும் பார்த்து 25.4 மடங்கு பெருக்கலை மென்பொருளே செய்துகொள்ளும். லேபல் 0 என்றிருந்தால், அந்தக் கணினியின் பொது அமைப்பில் எந்த அலகு இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளும். ஒரே கோப்பு இரண்டு அலுவலகங்களில் இரண்டு அளவில் விரிவது இப்படித்தான்.

நீளம் 25.4 மடங்கு பிழைத்தால் பரப்பு 645.16 மடங்கும், கனவளவு 16,387 மடங்குக்கு மேலும் பிழைக்கும். இவ்வளவு பெரிய பிழை கண்ணில் பட்டுவிடும். கண்ணில் படாத பிழைதான் ஆபத்தானது. அடி என்று ஓர் அளவுதான் உண்டு என்று நம்புகிறோம். 1959இல் ஆங்கிலம் பேசும் ஆறு நாடுகள் கூடி ஓர் அடியைச் சரியாக 0.3048 மீற்றர் என்று வகுத்தன. ஆனாலும் அமெரிக்க நில அளவையாளர்கள் தங்கள் பழைய அடியை 2022 முடியும்வரை விடவில்லை. அது பத்து இலட்சத்தில் இரண்டு பங்கு பெரிது. மென்பொருளின் பட்டியலில் இரண்டு அடிகளும் இருக்கின்றன. ஒரு தாங்கியை வரைவதற்கு இந்த வேறுபாடு பொருட்டே அல்ல. ஆனால் இலங்கையின் இன்றைய ஆள்கூற்று முறையில் திருகோணமலையின் வடக்கு ஆள்கூறு ஏறத்தாழ 6,73,000 மீற்றர். அதை ஒரு வகை அடியில் எழுதி மற்ற வகை அடியில் வாசித்தால் நகரம் ஒரு மீற்றருக்கு மேல் இடம்பெயர்ந்துவிடும். இறங்குதுறையின் விளிம்புக்கோ காணியின் எல்லைக்கல்லுக்கோ ஒரு மீற்றர் என்பது வழக்குக்குப் போகும் அளவு.

அலகு சரியாக இருந்தும் பிழைக்கும் இடம் இன்னொன்று. 1800இல் தொடங்கப்பட்ட நில அளவைத் திணைக்களம், நாட்டின் ஆள்கூறுகளைப் பீதுருதாலகால மலையை மையமாகக் கொண்டு எண்ணுகிறது. பழைய கந்தவளை முறையில் அந்த மையத்துக்குக் கிழக்கு ஆள்கூறு 2,00,000, வடக்கு ஆள்கூறு 2,00,000 என்று எண் கொடுத்தார்கள். 1999இன் புதிய முறையில் அதே மையம் 5,00,000, 5,00,000 ஆனது. இரண்டும் மீற்றர்தான். ஆனால் பழைய எண்களை அப்படியே புதிய வரைபடத்தில் இட்டால் சீனக்குடாவின் குதங்கள் தெற்கே 300 கிலோமீற்றரும் மேற்கே 300 கிலோமீற்றரும் நகர்ந்து, காலிக்கு மேற்கே ஆழ்கடலில் போய் நிற்கும். இதை எந்தப் பெருக்கலும் திருத்தாது. தொடக்கப் புள்ளியைத்தான் திருத்த வேண்டும்.

துறைமுகத்தில் இவற்றோடு ஆழமும் சேர்கிறது. பிரித்தானியக் கடல் வரைபடங்கள் ஆழத்தைப் பாகத்தில் குறித்தன. ஒரு பாகம் ஆறு அடி, அதாவது 1.8288 மீற்றர். ஐந்து பாகம் என்பது 9.144 மீற்றர் என்று கணினி சொல்லும். ஆனால் ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி அளந்த மாலுமி மில்லிமீற்றரை அளக்கவில்லை. அலகை மாற்றியதால் அளவீடு நுட்பமாகிவிடாது. கடைசி இரண்டு இலக்கங்களும் பெருக்கல் பெற்றெடுத்தவை. மேலும், கடல் வரைபடத்தில் ஆழம் கீழ்நோக்கி வளரும் எண். பொறியியல் வரைபடத்தில் உயரம் மேல்நோக்கி வளரும் எண். குறியை மாற்றாமல் இணைத்தால் திருகோணமலையின் கொட்டியாரக் குடாவின் அடித்தளம் மலைத்தொடராக எழுந்து நிற்கும்.

ஆகவே பழைய வரைபடம் ஒன்றைத் திறக்கும் இளம் படவரைஞர் முதலில் அளவு தெரிந்த ஒன்றைத் தேட வேண்டும். ஒரு கதவின் அகலம், ஒரு புகையிரதப் பாதையின் இடைவெளி, நேரில் நாடா பிடித்து அளக்கக்கூடிய ஒரு சுவர், எதுவாகவும் இருக்கலாம். அதைத் திரையில் அளந்து, உண்மை அளவோடு ஒப்பிட்டு, அந்த விகிதத்தால் முழு வரைபடத்தையும் பெருக்கிய பிறகே லேபலை மாற்ற வேண்டும். பின்பு முதலில் தொடாத இன்னொரு பொருளை அளந்து சரிபார்க்க வேண்டும். இதற்குச் சில நிமிடங்கள் போதும்.

அதைவிட முக்கியமானது, நாம் இன்று வரைபவற்றுக்கு நாம் செய்யும் கடமை. என்ன அலகு, எந்தத் தொடக்கப் புள்ளி, ஆழம் எந்த நீர்மட்டத்திலிருந்து என்ற மூன்றையும் ஒவ்வொரு வரைபடத்தின் மூலையிலும் எழுதிவைக்க வேண்டும். இந்தத் துறைமுகத்தை இன்னும் பல தலைமுறைகள் திருத்தி வரையும். அந்த மூன்று வரிகள் இருந்தால் அவர்களுக்கு வேலை வெறும் பெருக்கலும் கூட்டலும். இல்லாவிட்டால், கடலையும் நிலத்தையும் மறுபடி முதலிலிருந்து அளக்க வேண்டியதுதான்.