எல்லை மலையில் நின்றுபோன நியூட்ரினோ தேடல்

புதுதில்லி: விண்வெளியின் தொலைதூரத்திலிருந்து வரும் நியூட்ரினோ துகள்களின் பிறப்பிடங்களை உலக விஞ்ஞானிகள் அடையாளம் கண்டு வரும் வேளையில், அத்துறைக்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே அடித்தளமிட்ட இந்தியாவின் புதிய ஆய்வகம், தமிழக - கேரள எல்லையிலுள்ள மலையின் அடிவாரத்தைத் தாண்ட முடியாமல் நிற்கிறது.

தேனி மாவட்டம் பொட்டிபுரத்தில், போடி மேற்கு மலையைக் குடைந்து இந்த ஆய்வகத்தை அமைக்க 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. திட்ட மதிப்பீடு சுமார் ரூ.1,500 கோடி. மலையின் மறுபுறம் கேரளத்தின் இடுக்கி மாவட்டம்.

மலை எதற்கு?

மின்னூட்டம் இல்லாத நியூட்ரினோ, பாறையையும் பூமியையும் எளிதில் ஊடுருவும். மற்ற காஸ்மிக் கதிர்களைப் பாறை தடுத்துவிடும் என்பதால்தான் சுமார் 2 கி.மீ. சுரங்கப்பாதையும், அதன் முடிவில் 50,000 டன் காந்தமூட்டிய இரும்புக் கருவியும் திட்டமிடப்பட்டன. வளிமண்டலத்தில் உருவாகும் நியூட்ரினோக்களை ஆராய்ந்து, மூவகை நியூட்ரினோக்களின் நிறை வரிசையை அறிவதே இதன் முதன்மை நோக்கம்.

இத்தகைய நியூட்ரினோக்களை 1965-இல் கோலார் தங்கச் சுரங்கத்தில் இந்திய விஞ்ஞானிகள், ஜப்பானிய, பிரிட்டிஷ் விஞ்ஞானிகளுடன் இணைந்து கண்டறிந்தனர். அதே ஆண்டில் தென்னாப்பிரிக்கச் சுரங்கத்திலும் அவை பதிவாயின. உலகின் முதல் பதிவுகள் இவையே.

விண்ணிலிருந்து வந்த தடயம்

மின்னூட்டமற்ற நியூட்ரினோவைக் காந்தப் புலங்கள் வளைப்பதில்லை. எனவே அது வந்த திசையே பிறப்பிடத்தைச் சுட்டுகிறது. தென் துருவப் பனிக்கட்டியில் ஒரு கன கி.மீ. பரப்பில் அமைந்த 'ஐஸ்கியூப்' கருவி 2017 செப்டம்பரில் பதிவு செய்த துகளின் தடம், பல நூறு கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள விண்மீன் மண்டலம் ஒன்றை நோக்கியது. 2022-இல் என்.ஜி.சி. 1068 என்னும் மண்டலமும், 2023-இல் நமது பால்வீதியும் நியூட்ரினோக்களின் ஊற்றுகள் எனச் சான்றுகள் வெளியாயின. மத்தியதரைக் கடலடிக் கருவி 2023 பிப்ரவரியில் பதிவு செய்த, அதுவரை காணாத ஆற்றல் கொண்ட துகளின் பிறப்பிடம் புலப்படவில்லை.

4.9 கி.மீ. தொலைவு

பொட்டிபுரம் திட்டத்தால் கதிர்வீச்சு பரவும் என்ற அச்சம் எழுந்தது. ஆனால் இயற்கை நியூட்ரினோக்கள் ஒவ்வொரு நொடியும் கோடானுகோடியாக நம் உடலைத் தீங்கின்றிக் கடந்து செல்கின்றன. திட்டத்தை உண்மையில் நிறுத்தியது வனப் பிரச்னை. இதற்கு முன் நீலகிரி சிங்காராவில் தேர்வான இடமும் முதுமலை புலிகள் காப்பகத்தை ஒட்டியிருந்ததால் 2009-இல் கைவிடப்பட்டது.

இடுக்கியின் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா, ஆய்வக இடத்திலிருந்து 4.9 கி.மீ. தொலைவிலேயே உள்ளது. இதைக் கருத்தில் கொண்டு, சுற்றுச்சூழல் அனுமதியை 2017 மார்ச்சில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் நிறுத்தி வைத்தது. மத்திய அரசு 2018 மார்ச்சில் வழங்கிய புதிய அனுமதியை, அதே ஆண்டு நவம்பரில் தீர்ப்பாயம் ஏற்றபோதும், தேசிய வனவிலங்கு வாரியத்தின் ஒப்புதல் தேவை என்றது. பெரியாறு புலிகள் காப்பகத்தையும் மதிகெட்டானையும் இணைக்கும் புலிகளின் வழித்தடம் இம்மலை எனக் கூறி, 2022 பிப்ரவரியில் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் திட்டத்தை எதிர்த்தது.

காத்திருக்காத உலகம்

நிறை வரிசையை அறியும் அதே இலக்குடன், சீனா 20,000 டன் திரவம் நிரப்பிய 'ஜூனோ' கருவியை 2025 ஆகஸ்டில் இயக்கத் தொடங்கியது. இந்தியாவிடம் இருப்பது மதுரையில் அமைக்கப்பட்ட 85 டன் மாதிரிக் கருவி மட்டுமே. எனினும், நியூட்ரினோவையும் எதிர் நியூட்ரினோவையும் பிரித்தறியக்கூடிய காந்தமூட்டிய இரும்புக் கருவியின் பயன் இன்றும் குறையவில்லை. அதற்குத் தேவை அடர்ந்த பாறை. அது புலிகளின் பாதையில் இல்லாத பாறையாகவும் இருக்க வேண்டும் என்பதே சிங்காராவும் பொட்டிபுரமும் தரும் பாடம்.