காட்மியம் இறங்கும் நிறுத்தம்

நீரில் கரைந்திருக்கும் உலோகத்தை மின்னோட்டமாக மாற்றி அளக்கும் கருவிதான் மின்வேதி உணரி. 2024 மே மாதம் கேரளத்தில் பெரியாற்றின் ஏலூர்–எடையார் தொழிற்பகுதியில் மீன்கள் கூட்டங்கூட்டமாகச் செத்து மிதந்தன. ஆக்சிஜன் குறைவு, அம்மோனியா, சல்பைடு என்றே காரணங்கள் பேசப்பட்டன. உலோக நஞ்சு பெரும்பாலும் அப்படிக் கண்ணுக்குத் தெரிவதில்லை. சேற்றில் படிந்து, மெல்ல மெல்ல உடலில் சேரும்; அதைப் பிடிக்கத்தான் இந்த உணரி. எடையாரில் 1967 முதல் 2014 வரை துத்தநாக உருக்காலை ஒன்று இயங்கியது. துத்தநாகத் தாது இருக்கும் இடத்தில் காட்மியமும் ஒட்டிக்கொண்டே வரும். குடிநீரில் அதற்கு இந்தியத் தர அளவு லிட்டருக்கு 0.003 மில்லிகிராம்.

இவ்வளவு சொற்பமான பொருளை நேரடியாக அளக்க முயன்றால் மின்சுற்றின் இரைச்சலில் அது மூழ்கிப்போகும். அதனால் உணரி முதலில் சேமிக்கிறது. அமிலம் கலந்த நீரைக் கலக்கியபடி, மின்முனையைச் சுமார் −1.2 வோல்ட்டில் சில நிமிடங்கள் வைத்தால், துத்தநாகம், காட்மியம், ஈயம், செம்பு எல்லாம் எலெக்ட்ரான் பெற்று அதன்மேல் படிகின்றன. பிறகு மின்னழுத்தம் நேர்த் திசையில் படிப்படியாக உயர்த்தப்படுகிறது. கொச்சியின் வைட்டிலா ஹப் பஸ் நிலையத்தில் எல்லோரும் ஒரே பஸ்ஸில் ஏறி, அவரவர் நிறுத்தத்தில் இறங்குவது போன்றதுதான் இது. துத்தநாகம் −1.0 வோல்ட் அருகே, காட்மியம் −0.8 அருகே, ஈயம் −0.5 அருகே, செம்பு கடைசி நிறுத்தம். எந்த இடத்தில் இறங்கியது என்பது ஆளின் அடையாளம்; இறங்கிய கூட்டம் எவ்வளவு என்பது அளவு. துத்தநாகமும் செம்பும் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் பேச்சில் ஆழ்ந்துவிட்டால், துத்தநாகம் தன் நிறுத்தத்தைத் தவறவிட்டுச் செம்போடு போய் இறங்கும். அப்போது இரண்டு கணக்கும் பிசகும். உலோகக் கூட்டுப்பொருள் உருவாவதால் உண்மையிலேயே நடக்கும் கோளாறு இது.

இறங்கும் கணத்தில்தான் சேமிப்பின் பலன் தெரிகிறது. ஒரு நானோகிராம் காட்மியம், அதாவது கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு, கரையும்போது ஏறத்தாழ 1.7 மைக்ரோகூலம் மின்னூட்டத்தை விடுவிக்கிறது. பல நிமிடம் சேர்ந்தது சில நொடிகளுக்குள் வெளியேறுவதால், கையடக்கக் கருவியே தெளிவாகப் படிக்கும் அளவுக்கு மின்னோட்டம் எழும்புகிறது. உணர்திறன் முழுவதும் இந்தப் பொறுமையில் இருக்கிறது.

இம்முறையின் வேர், வேதியியலாளர் ஹெய்ரோவ்ஸ்கி 1922இல் கண்ட பாதரசத் துளி முறை; 1959இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. நஞ்சை அளக்க இன்னொரு நஞ்சு என்ற சங்கடத்தை, 2000இல் ஜோசப் வாங் குழுவினர் முன்வைத்த பிஸ்மத் படலம் பெருமளவு தீர்த்தது.

"சாக்கடையில் முக்கினால் போதும், நொடியில் விடை" என்ற அறிவிப்புகளை நம்ப வேண்டியதில்லை. அவற்றில் பல, சுத்தமான நீரில் உலோக உப்பைக் கலந்து பெற்ற முடிவுகள். ஆலைக் கழிவில் எண்ணெயும் சோப்பும் மின்முனையை மூடிவிடும். மட்கிய தாவரப்பொருளைப் பற்றிக்கொண்ட உலோகம் பஸ்ஸில் ஏறுவதே இல்லை. வைட்டிலாவை ஒட்டிய கணியாம்புழையிலும் சம்பக்கரைக் கால்வாயிலும் கடல் ஏற்றத்தோடு உப்புநீர் நுழைகிறது. குளோரைடு காட்மியத்தோடு பிணைந்து அதன் நிறுத்தத்தையே நகர்த்திவிடும். மழைக்காலத்து மாதிரிக்குப் போட்ட அளவுகோல் கோடைக்குப் பொருந்தாது.

ஆகவே மாதிரியை அமிலத்தில் செரிக்க வைத்து, கட்டுண்ட உலோகத்தை விடுவிக்க வேண்டும். பிறகு தெரிந்த அளவு காட்மியத்தை அதே நீரில் சேர்த்து, மின்னோட்ட முகடு எவ்வளவு உயர்கிறது என்று பார்த்து, முதலில் இருந்த அளவைக் கணக்கிட வேண்டும். பாதரசத்துக்குத் தங்க மின்முனை தேவை; ஆறிணைதிறக் குரோமியத்துக்கு முறையே வேறு. இத்தனைக்குப் பிறகும் உணரி தருவது முதல்கட்டத் தகவல். எந்தக் குழாயின் நீரை, எந்த வேளையில் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும் என்பதை ஆற்றங்கரையிலேயே முடிவுசெய்ய அது போதும். வழக்குக்கான சான்று அந்த ஆய்வகத்தின் அளவீடுதான்.