ஒரு சம்பளமும் ஐந்து தண்ணீர்க் கணக்குகளும்

மின்சாரத்துக்கு இரண்டு மாதங்களுக்கு ஒரு முறை கணக்கு எடுக்கப்படுகிறது. சமையல் எரிவாயுவுக்கு சிலிண்டருடன் ரசீது வந்துவிடுகிறது. தண்ணீருக்கு மட்டும் சென்னை போன்ற நகரங்களில் அப்படி ஒரே பட்டியல் கிடையாது. குடிநீர் வாரியத்துக்குச் செலுத்தும் வரி ஒரு புறம், லாரிக்காரருக்குத் தரும் தொகை மறுபுறம், கேன் தண்ணீருக்குக் கொடுக்கும் சில்லறை, மோட்டாருக்கான மின்சாரம் எனச் சிதறிப் போவதால், தண்ணீருக்கு மாதம் எவ்வளவு செலவாகிறது என்று கேட்டால் பெரும்பாலான குடும்பங்களால் உடனடியாகப் பதில் சொல்ல முடிவதில்லை. ஒருவர் சம்பளத்தில் நடக்கும் குடும்பத்துக்கு இந்த அறியாமை சற்றே விலை கூடியது.

ஒரு மாதிரிக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். சென்னையின் தென்புறநகரில், ஆறு வீடுகள் கொண்ட ஒரு கட்டடம். அதில் ஒரு வீட்டில் நான்கு பேர் வாடகைக்குக் குடியிருக்கிறார்கள்; மாத வருமானம் 25,000 ரூபாய். தெருவில் வாரியக் குழாய் இல்லை, அல்லது இருந்தும் நீர் வருவதில்லை. வீட்டுக்கு நாளொன்றுக்கு 500 லிட்டர், அதாவது ஆளுக்கு 125 லிட்டர் தேவைப்படுகிறது. இது ஆடம்பரம் அல்ல. பாதாளச் சாக்கடை வசதியுள்ள நகரங்களில் ஆளுக்கு 135 லிட்டர் என்பதே மத்திய அரசின் திட்ட அளவுகோல். கோடையில் ஆழ்துளைக் கிணறு பாதியை மட்டுமே தருகிறது. மீதி லாரியில் வருகிறது. ஆறு வீடுகளுக்குமாகச் சேர்த்து மாதம் 45,000 லிட்டர் வாங்க வேண்டும். 12,000 லிட்டர் லாரி 1,800 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஒரு வீட்டின் பங்கு 1,125 ரூபாய். குடிக்கவும் சமைக்கவும் மாதம் 20 கேன்கள், கேன் 40 ரூபாய் என்றால் 800 ரூபாய். மோட்டாரின் மின்சாரம், பழுது ஆகியவற்றில் பங்கு 150 ரூபாய். கூட்டினால் 2,075 ரூபாய். வருமானத்தில் எட்டு சதவீதத்துக்கும் மேல்.

ஒரு குடும்பம் தன் வருமானத்தில் 3 சதவீதத்துக்கு மேல் தண்ணீருக்குச் செலவிடும் நிலை வரக் கூடாது என்பதை ஐ.நா. அமைப்புகள் ஓர் அளவுகோலாக முன்வைக்கின்றன. மேற்கண்ட குடும்பத்துக்கு அது 750 ரூபாய்தான். அதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு செலவாகிறது. இதில் அரசுக்குச் செல்லும் பணம் ஏறக்குறைய எதுவுமில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். வாரியம் வீட்டு இணைப்புக்கு வாங்கும் மாதக் கட்டணம் நூறு ரூபாயை ஒட்டியே இருக்கிறது. மாதம் 15,000 லிட்டர் கிடைக்கும் வீட்டுக்கு அது லிட்டருக்கு ஒரு காசுக்கும் குறைவு. லாரித் தண்ணீர் லிட்டர் 15 காசு. கேன் தண்ணீர் லிட்டர் 2 ரூபாய். குழாய் வரும் தெருவில் சொந்த வீடு வைத்திருப்பவர் காசுக்கணக்கில் செலவிடுகிறார். குழாய் வராத தெருவில் வாடகைக்கு இருப்பவர் ரூபாய்க்கணக்கில் செலவிடுகிறார். வாரியம் கட்டணத்தைச் சற்று உயர்த்தினால் எழும் எதிர்ப்பு, லாரி விலை ஏறும்போது எழுவதில்லை. ஏனெனில், லாரிக்கு எதிராகப் போராட்டம் நடத்தினால் அடுத்த நாள் லாரி வராது.

ஐந்தாவது கணக்கு ரூபாயில் வருவதில்லை, அது நேரம். லாரி எப்போது வரும் என்று தெரியாது, தெருத் தொட்டியில் எப்போது நீர் விடுவார்கள் என்று தெரியாது, மோட்டாரை எப்போது நிறுத்த வேண்டும் என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இந்த வேலை பெரும்பாலும் வீட்டில் இருக்கும் பெண்ணின் மீது விழுகிறது. ஒற்றை வருமானக் குடும்பம் என்று நாம் சொல்லும்போது, இரண்டாவது நபர் வேலைக்குப் போக விரும்பவில்லை என்று எடுத்துக்கொள்கிறோம். தண்ணீர் வரும் நேரத்துக்கு வீட்டில் ஒருவர் இருந்தே ஆக வேண்டிய தெருக்களில், அவர் வேலைக்குப் போக முடியாமல் இருப்பதற்கும் தண்ணீரே ஒரு காரணமாக இருக்கலாம்.

இனி, செலவைக் குறைக்க வழி என்ன? சிக்கனம் பற்றிய அறிவுரைகளுக்குப் பஞ்சமில்லை. வாளியில் குளியுங்கள், பல் துலக்கும்போது குழாயை மூடுங்கள் என்பார்கள். இவை தவறல்ல, ஆனால் ஏற்கெனவே குடம் கணக்கில் புழங்குகிறவர்களிடம் சொல்வதால் பெரும் பயன் இல்லை. எந்த லிட்டர் விலை உயர்ந்தது என்று பார்த்து, அதில் கை வைப்பதே பலன் தரும்.

அப்படிப் பார்த்தால் முதலில் நிற்பது கேன். குடிப்பதற்கு நான்கு பேருக்கு நாளொன்றுக்குப் பத்து, பன்னிரண்டு லிட்டர் போதும். அரிசி களைவதற்கும் காய்கறி கழுவுவதற்கும் அதே கேனைச் சாய்க்கும்போதுதான் மாதக் கணக்கு ஏறுகிறது. வாரிய நீர் வரும் இடங்களில், அதைக் கொதிக்க வைத்து ஆறவிட்டுக் குடிப்பது கிருமிகளுக்குப் போதுமான பாதுகாப்பு. பத்து லிட்டரைக் கொதிக்க வைக்க ஏறத்தாழ 110 கிராம் எரிவாயு செலவாகும். 14.2 கிலோ சிலிண்டர் 900 ரூபாய் என்று கொண்டாலும், லிட்டருக்கு முக்கால் ரூபாய்க்குள் முடிந்துவிடும். கேனில் பாதிகூட இல்லை. நிலத்தடி நீருக்கு இது பொருந்தாது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உப்பு போகாது.

உப்பு எவ்வளவு என்று அளக்காமலேயே ஆர்.ஓ. இயந்திரம் வாங்கி மாட்டுவது நம் ஊரில் வழக்கமாகிவிட்டது. குடிநீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீராதாரம் இல்லாதபோது 2,000 வரை அனுமதிக்கலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணய அமைப்பு. 500-க்குக் குறைவாக உள்ள இடங்களில் ஆர்.ஓ. பயன்பாட்டைத் தடை செய்ய வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு உத்தரவிட்டது. வீட்டு இயந்திரங்கள் பல, ஒரு லிட்டர் நல்ல நீருக்கு மூன்று லிட்டர் வரை வெளியேற்றுகின்றன. நாளுக்குப் பத்து லிட்டர் குடிக்கும் வீட்டில் மாதம் 900 லிட்டர் கழிவு. அது லாரியில் வாங்கிய நீர் என்றால் 135 ரூபாய். இயந்திரத்தின் வடிகட்டி மாற்றும் செலவு தனி. வெளியேறும் நீரைச் செடிக்கு ஊற்றக் கூடாது, உப்பு கூடியிருக்கும். தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் பயன்படுத்தலாம். இயந்திரம் வாங்குவதற்கு முன்பாக நீரைப் பரிசோதிப்பது அறிவுடைமை. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வுக்கூடங்களில் கட்டணம் செலுத்திப் பரிசோதித்துக்கொள்ளலாம்.

அடுத்தது, யாரும் பயன்படுத்தாமலேயே போகும் நீர். ஒரு விநாடிக்கு ஒரு சொட்டு, ஒரு சொட்டு கால் மில்லிலிட்டர் என்றால், ஒரு நாளில் 21 லிட்டருக்கு மேல் போகிறது. மாதத்தில் 650 லிட்டர். லாரி விலையில் நூறு ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. வாஷர் ஒன்றின் விலை அதில் சிறு பகுதிதான். கழிப்பறைத் தொட்டியின் கசிவு இதைவிட மோசமானது, ஏனெனில் சத்தம் கேட்காது. தொட்டிக்குள் சில துளி சொட்டு நீலத்தை விட்டு அரை மணி நேரம் தண்ணீர் ஊற்றாமல் காத்திருந்து பாருங்கள். கோப்பையில் நீலம் தெரிந்தால் கசிகிறது என்று பொருள். பழைய தொட்டிகள் ஒரு முறைக்குப் பத்து லிட்டர் இறக்கும். நான்கு பேர், ஆளுக்கு ஐந்து முறை என்றால் 200 லிட்டர். அதாவது வீட்டின் மொத்தப் பயன்பாட்டில் ஐந்தில் இரண்டு பங்கு இங்கேயே முடிந்துவிடுகிறது. நீர் நிரப்பிய ஒரு லிட்டர் பாட்டிலைத் தொட்டிக்குள் வைத்தால் நாளுக்கு 20 லிட்டர் மிஞ்சும். மேல்தொட்டி நிரம்பி வழிவதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நிமிடத்துக்கு 40 லிட்டர் ஏற்றும் மோட்டாரைப் பத்து நிமிடம் மறந்தால் 400 லிட்டர் மொட்டைமாடியில் ஓடும். தானாக நிறுத்தும் கருவி ஒன்றைப் பொருத்துவது ஆறு வீடுகளும் பகிர்ந்துகொள்ளக் கூடிய செலவுதான்.

ஆனால், இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. நம் மாதிரிக் குடும்பம் பாடுபட்டு நாளுக்கு 100 லிட்டர் குறைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாதம் 3,000 லிட்டர். லாரி விலையில் 450 ரூபாய். அந்த 450 அவர்கள் கைக்கு வருமா? வராது. லாரிச் செலவு ஆறாகப் பிரிக்கப்படுவதால், அவர்களுக்கு மிஞ்சுவது 75 ரூபாய். மீதி 375 ரூபாய் மற்ற ஐந்து வீடுகளுக்குப் போகிறது. இருவர் மட்டும் வாழும் வீடும் ஏழு பேர் வாழும் வீடும் ஒரே பங்கு கொடுக்கும் கட்டடத்தில் சிக்கனத்துக்குக் கூலி கிடைப்பதில்லை. தண்ணீர் விழிப்புணர்வுப் பிரசாரங்கள் பலன் தராமல் போவதற்கு மக்களின் அலட்சியத்தைக் காரணமாகச் சொல்வதைவிட, இந்தக் கணக்கைக் காரணமாகச் சொல்லலாம்.

வீட்டுக்கு வீடு மீட்டர் வைப்பதே நேரான தீர்வு. புதிய கட்டடங்களில் இது எளிது. பழைய கட்டடங்களில் குளியலறைக்கு ஒன்று, சமையலறைக்கு ஒன்று என மேல்தொட்டியிலிருந்து தனித்தனிக் குழாய்கள் இறங்குவதால் ஒரு வீட்டுக்கே இரண்டு, மூன்று மீட்டர்கள் தேவைப்படும். அது இயலாத இடங்களில் லாரிச் செலவை வீட்டுக்கணக்கில் பிரிக்காமல் தலைக்கணக்கில் பிரிக்கலாம். துல்லியம் இல்லை; எனினும் இப்போதிருப்பதைவிட நியாயமானது. குடியிருப்போர் கூட்டத்தில் இதைப் பேசுவது சற்றுக் கசப்பாகத்தான் இருக்கும்.

வாடகைக்கு இருப்பவர்கள் சட்டத்தையும் தெரிந்துகொள்வது நல்லது. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், எழுத்து மூலமான ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கியிருக்கிறது. குடிநீர் உள்ளிட்ட அத்தியாவசிய வசதிகளை வீட்டு உரிமையாளர் துண்டிக்கக் கூடாது. பழுதுபார்க்கும் பொறுப்பையும் அது பிரித்திருக்கிறது: குழாய் வரிசைகளை மாற்றுவது உரிமையாளர் பொறுப்பு, வாஷர், குழாய் மாற்றுவது குடியிருப்பவர் பொறுப்பு. லாரிச் செலவு யாருடையது, எப்படிப் பிரிப்பது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொண்டால் ஏப்ரல், மே மாதச் சண்டைகள் பல தவிர்க்கப்படும். முன்பணம் கொடுக்கும் முன் வாடகையை மட்டும் ஒப்பிடாமல், அந்தத் தெருவில் கோடையில் எத்தனை லாரி வருகிறது என்று பக்கத்து வீட்டில் கேட்டறிய வேண்டும். வாடகை ஆயிரம் ரூபாய் குறைவாக இருக்கும் வீடு தண்ணீரில் அதை எளிதாக மீட்டுக்கொண்டுவிடும்.

அரசின் பங்கு என்ன என்ற கேள்விக்கு மற்ற நகரங்கள் விடை தேடியிருக்கின்றன. தில்லியில் 2015 முதல் மாதம் 20,000 லிட்டர் வரை பயன்படுத்தும் வீடுகளுக்குக் கட்டணம் இல்லை. ஹைதராபாதும் பின்னர் அதே அளவை இலவசமாக்கியது. ஆனால் வேலை செய்யும் மீட்டர் வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. தென்னாப்பிரிக்காவில் வீட்டுக்கு மாதம் 6,000 லிட்டர் அடிப்படை நீர் இலவசம் என்பது இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே கொள்கை. பெங்களூரில் மீட்டர் அளவுப்படி படிப்படியாகக் கட்டணம் கூடுகிறது. இவற்றில் ஹைதராபாதின் வழி எனக்கு ஏற்புடையதாகத் தோன்றுகிறது: அளந்து கொடு, அளவுக்குள் இருந்தால் வாங்காதே. சென்னையில் வரி, சொத்தின் ஆண்டு மதிப்பில் 7 சதவீதம். பெரும்பாலான வீடுகளுக்கு மீட்டர் இல்லாததால் மாதக் கட்டணமும் நிலையானது. குறைவாகச் செலவழிப்பவரும் நீச்சல் குளம் நிரப்புபவரும் கட்டணத்தில் ஒன்றே.

எனினும், மீட்டரும் இலவச அளவும் குழாய் இருக்கும் வீட்டுக்குத்தான். 2011-இல் சென்னை மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. சேர்க்கப்பட்ட பகுதிகளுக்குச் சொத்து வரி உடனே போய்ச் சேர்ந்தது. குழாய் இன்னும் எல்லாத் தெருக்களுக்கும் போய்ச் சேரவில்லை. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில், ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர் நீர் கொண்டுவரப்பட்டபோது நாடே அதைப் பார்த்தது. அந்தப் பகுதிகளில் ஏரி நிரம்பிய ஆண்டிலும் லாரி ஓடுகிறது, அது செய்தியாவதில்லை. புதிய கடல்நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களிலிருந்து வரும் நீர் முதலில் எந்தத் தெருவுக்குப் போகிறது என்பதை வார்டு வாரியாக வாரியம் வெளியிட வேண்டும் என்று கேட்பது அதிகப்படியான கோரிக்கை ஆகாது.

மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003-இல் கட்டாயமாக்கப்பட்டது. சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. 600 சதுர அடி மொட்டைமாடியில் விழுவதில் ஐந்தில் நான்கு பங்கைப் பிடித்தாலும் 60,000 லிட்டருக்கு மேல் தேறும், ஐந்து லாரி. பல வீடுகளில் குழாய் இருக்கிறது, அதன் அடியில் இருக்கும் வடிகட்டித் தொட்டி மண்ணும் சருகும் அடைத்துக் கிடக்கிறது. அதை வாரி, கூழாங்கல்லைக் கழுவிப் போட ஓர் ஆள் கூலி போதும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. செப்டம்பருக்குள் செய்துவிட வேண்டிய வேலை இது.