அம்புக்குறிக் கடிகாரம்

அண்ணாமலையின் நிழல் நீளுவதையும் கோயில் மணியோசையையுங் கொண்டே வேங்கிக்கால் உழவர் முன்னாளிற் பொழுதறிந்தனர். போர்க்களத்திலோ அஃது இயலாது. எம் இல்லத்துப் பழம்பெட்டியில் ஒரு சட்டைப்பைக் கடிகாரம் உளது. இரண்டாம் உலகப்போரிற் பணிபுரிந்து மீண்ட என் கொள்ளுப்பாட்டனார் கொணர்ந்தது. அதன் முதுகில் ஓர் அம்புக்குறியும் 'ஜி. எஸ். டி. பி.' என்னும் எழுத்துக்களும் பொறிக்கப்பட்டுள்ளன. அம்புக்குறி பிரிட்டிஷ் அரசாங்கத்தின் உடைமை என்பதற்கு அடையாளம். முதலிரண்டு எழுத்துக்கள் படையின் பொதுச்சேவைக்குரியது என்பதன் சுருக்கம். அரசாங்கப் பொருள் எம் பெட்டிக்கு வந்த வரலாற்றைச் சொல்ல இன்று எவருமிலர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கைக்கடிகாரம் மாதர் அணிகலனாகவே கருதப்பட்டது. 1899 முதல் 1902 வரை தென்னாப்பிரிக்காவில் நிகழ்ந்த போயர் போரில், ஆங்கிலப் படையதிகாரிகள் சிலர் பைக்கடிகாரத்தைத் தோலுறையிலிட்டு மணிக்கட்டிற் கட்டிக்கொண்டனர். ஒரு கை கடிவாளத்தையும் மறு கை படைக்கலத்தையும் பற்றியிருக்கச் சட்டைப்பையைத் துழாவுவது எங்ஙனம்? 1914-18 போரில் இத்தேவை பன்மடங்காயிற்று. பீரங்கிக் குண்டுமாரி முன்னே நகர, அதன்பின் காலாட்படை செல்லும் போர்முறையில், ஓரிரு நிமிடம் பிழைப்பினும் தம்மவர் குண்டே தம்மவரை மாய்க்கும். ஆதலின் தாக்குதலுக்கு முன் அதிகாரிகளின் கடிகாரங்கள் யாவும் ஒருங்கே திருத்தி வைக்கப்பட்டன. நம் நாட்டிலும், பம்பாயிற் கடை நடத்திய வெஸ்ட் எண்ட் என்னும் சுவிஸ் கம்பெனியார், குதிரைவீரன் எனப் பொருள்படும் 'சவார்' என்னும் பெயரிட்டுக் கடிகாரம் விற்றனர்.

இரண்டாம் போரிற் பிரிட்டிஷ் தொழிற்சாலைகள் போர்க்கருவி செய்வதில் மூழ்கின. கடிகாரங்கள் பெரும்பாலும் சுவிட்சர்லாந்திலிருந்தே வாங்கப்பட்டன. ஒமேகா, லாஞ்சின்ஸ் முதலிய பன்னிரு கம்பெனிகள் ஒரே அளவைக்கமையச் செய்து 1945-ல் அளித்தவற்றின்மீது மூன்று 'டபிள்யூ' காணப்படும். கடிகாரம், கைக்குரியது, நீர்புகாதது என்று பண்டகசாலைப் பட்டியல் முறையில் இட்ட பெயர் அது! வலைத்தள முகவரிகளின் தலையில் அம்மூவெழுத்தைக் காணுந்தோறும் எனக்கு நகை தோன்றும்.

இனி, இக்கட்டுரை எழுதப் புகுந்ததன் காரணத்தைக் கூறுவேன். மங்கிய எண்களைத் துலக்குவான் வேண்டி அக்கடிகாரத்தைத் திறக்க முற்பட்டேன். எம் பௌதிக ஆசிரியர் தடுத்தார். இருளில் ஒளிரும்பொருட்டு அக்காலத்து எண்களிலும் முட்களிலும் பூசப்பட்டது ரேடியம் கலந்த துத்தநாகச் சல்பைடு. சில்லாண்டுகளிற் சல்பைடு தளர்ந்து ஒளி மங்கிவிடும். ரேடியமோ பாதியளவு குறைதற்கே ஏறத்தாழ 1,600 ஆண்டுகள் ஆகும். விளக்கு அவிந்தது; நஞ்சு அவியவில்லை. மூச்சோடு உட்புகுந்த துகள் எலும்பிற் படிந்து தங்கும்.

இதனை உலகுக்கு அறிவித்தோர் அமெரிக்காவின் நியூஜெர்சியில் கடிகார முகங்களுக்கு வண்ணந்தீட்டிய இளம்பெண்கள். தூரிகை நுனியை உதட்டாற் கூராக்குமாறு அவர்கட்குக் கற்பிக்கப்பட்டது. பலர் தாடையெலும்பு அழுகி மாண்டனர். நோயுற்ற ஐவர் தொடுத்த வழக்கு 1928-ல் சமரசத்தில் முடிந்தது. அவர்களுட் பலர் வேலைக்குச் சேர்ந்தபோது என் வயதினர். சிலர் எனக்கும் இளையர்.

எம் கடிகாரம் மூடியபடியே பெட்டியில் உறங்குகின்றது. இத்தகையது தம் இல்லத்திலும் இருக்கப்பெற்ற பழைய மாணவர்கள், அதனைப் பழுதுபார்க்கக் கொடுக்குமுன் இச்செய்தியைக் கடிகாரக்காரரிடம் சொல்வாராக. தூசியை வாயால் ஊதுவது அவர் வழக்கம்.