வெள்ளிக்கிழமை 3 மணி மீட்டிங்: படித்த ஸ்கூலில் உங்களுக்கும் ஒரு இடம் இருக்கிறது, தெரியுமா?

கொடைக்கானலுக்குப் போகிறவர்களுக்கு கொடைரோடு என்பது ரயிலை விட்டு இறங்கும் ஸ்டேஷன். காரில் போனால் ஒரு டோல்கேட், பன்னீர் திராட்சைக் கடைகள். அவ்வளவுதான். ஆனால் அம்மையநாயக்கனூர், நிலக்கோட்டை பக்கத்து ஊர்களில் இருப்பவர்களுக்கு நாள் விடிவதற்கு முன்பே தொடங்கிவிடும். மல்லிகையை மொட்டாக இருக்கும்போதே பறித்தாக வேண்டும். வெயில் ஏறுவதற்குள் பூ மார்க்கெட் போய்ச் சேர வேண்டும்.

அம்மா பூப்பறிக்கப் போய்விட்டால், ஹைஸ்கூல் படிக்கும் பிள்ளை தானே எழுந்து கிளம்ப வேண்டியதுதான். "சாப்பிட்டியா?" என்று கேட்க வீட்டில் ஆள் இருக்காது. திங்கட்கிழமை காலை பிரேயரில் ஒரு பிள்ளை தலைசுற்றி உட்கார்ந்தால், அரசுப் பள்ளி ஆசிரியர்கள் முதலில் கேட்பதும் அதே கேள்விதான்.

சாப்பாடு எந்த வகுப்பு வரை?

2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 1 முதல் 5-ம் வகுப்பு வரை படிப்பவர்களுக்கானது. மதிய சத்துணவு 10-ம் வகுப்பு வரை உண்டு, வாரம் 5 நாளும் முட்டையோடு. ஆக, ஐந்தாம் வகுப்பு முடிந்து ஆறாம் வகுப்புக்குப் போன பிள்ளைக்குக் காலை டிபன் நின்றுவிடுகிறது. பிளஸ் ஒன் போனால் மதியச் சாப்பாடும் இல்லை. வளர்கிற வயசு, பசி அதிகமாகிற வயசு. சலுகை குறைவதும் அப்போதுதான்.

திட்டத்தை நீட்டிப்பது அரசின் கையில்தான் இருக்கிறது. ஆனால், இந்த ஸ்கூலில் எத்தனை பிள்ளைகள் வெறும் வயிற்றோடு வருகிறார்கள், டாய்லெட்டில் தண்ணீர் வருகிறதா, சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ் முடிந்த பிறகு பஸ் இருக்கிறதா என்பதையெல்லாம் எழுத்தில் பதிவு செய்ய ஒரு இடம் இருக்கிறது. அதுதான் எஸ்.எம்.சி. என்கிற பள்ளி மேலாண்மைக் குழு.

அந்தக் குழுவில் யார் யார்?

2009-ம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 21-வது பிரிவு இதைச் சொல்கிறது. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோராக இருக்க வேண்டும். மொத்தத்தில் பாதிப்பேர் பெண்கள். சட்டம் 8-ம் வகுப்பு வரைக்கும்தான் என்றாலும், தமிழ்நாட்டில் அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளிலும் குழு உண்டு. தலைவர் பொறுப்பு பெற்றோருக்குத்தான், ஹெட்மாஸ்டருக்கு இல்லை. பள்ளி எப்படி நடக்கிறது என்று பார்ப்பது, வந்த பணம் எப்படிச் செலவானது என்று கேட்பது, பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது எல்லாம் குழுவின் வேலை.

சட்டம் வந்தும் பல வருஷம் இது பேப்பரில்தான் இருந்தது என்பது ஊரறிந்த விஷயம். கையெழுத்துக்கு நோட்டு வீட்டுக்கே வரும். 2022-ல் 37 ஆயிரத்துக்கும் அதிகமான அரசுப் பள்ளிகளில் குழுக்களைத் திரும்ப அமைத்தபோதுதான் கொஞ்சம் உயிர் வந்தது. மாதாந்திரக் கூட்டம், தீர்மானங்களை ஏற்றுவதற்கு மொபைல் ஆப் என்று நடைமுறைகள் மாறின.

கூட்டத்துக்கு வருவது ஏன் சிரமம்?

கூட்டம் பொதுவாக வெள்ளிக்கிழமை பிற்பகல் 3 மணிக்கு. மாதச் சம்பளக்காரர் பர்மிஷன் போடலாம். நிலக்கோட்டை சிப்காட்டிலோ, திண்டுக்கல் பக்கத்து நூல் மில்லிலோ ஷிப்ட் பார்ப்பவர் என்ன செய்வார்? திராட்சைத் தோட்டத்தில் நாள் கூலிக்குப் போகிறவருக்கு "மீட்டிங் போனா அரை நாள் கூலி போச்சு". பூப்பறிக்கும் அம்மாவுக்கு அந்த நேரம் ஓய்வாக இருக்கலாம். ஆனால் விடியலுக்கு முன் எழுந்தவருக்கு அதுதான் கண்ணயரும் நேரம். முகூர்த்த நாள் நெருங்கினால் அதுவும் கிடையாது. விலை ஏறும் நாளில் பறிக்காமல் விட்டால் நஷ்டம்.

அதையும் மீறி வருகிறவர்களுக்கு இன்னொரு தயக்கம். "வாத்தியார்கிட்ட போய் கணக்கு கேக்கறதா?" சட்டம் தலைவர் நாற்காலி கொடுத்துவிட்டது. அதில் சாய்ந்து உட்கார்ந்து கேள்வி கேட்கும் பழக்கம் அவ்வளவு சீக்கிரம் வந்துவிடாது.

முன்னாள் மாணவர்கள் என்ன செய்யலாம்?

இந்த இடத்தில்தான் 2024-ல் ஒரு மாற்றம் வந்தது. குழுவின் அளவு 20-லிருந்து 24 ஆனது. முன்னாள் மாணவர்களுக்கும் அதில் இடம் கிடைத்தது. பதவிக்காலம் 2 ஆண்டுகள்.

பெரும்பாலான அலும்னி வாட்ஸ்அப் குரூப்களில் நடப்பது குட்மார்னிங் மெசேஜும், வருஷத்துக்கு ஒரு ரீயூனியன் பேச்சும்தான். பெஞ்ச், ஃபேன் வாங்கிக் கொடுப்பவர்களும் உண்டு; நல்லதுதான். பணம் கொடுக்க நினைப்பவர்களுக்கு 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப்பள்ளி' திட்டம் தனியாக இருக்கிறது. குழுவில் தேவைப்படுவது வேறு. செலவுக் கணக்கைப் படித்துச் சொல்ல ஒருவர், பஸ் நேரத்தை மாற்றச் சொல்லி மனு எழுத ஒருவர், தீர்மானம் ஆப்பில் ஏறிய பிறகு என்ன ஆனது என்று அடுத்த மாதமும் கேட்க ஒருவர்.

சென்னையிலோ பெங்களூரிலோ இருப்பவர் மாதா மாதம் வருவது கஷ்டம்தான். திண்டுக்கல், மதுரையில் வேலை பார்ப்பவருக்குக் கொடைரோடு ஒரு பஸ் தூரம். குழு மறுபடி அமைக்கப்படும்போது பள்ளியில் பெற்றோர் கூட்டம் நடக்கும். அது எந்தத் தேதியில் என்பதை ஹெட்மாஸ்டர் அறையில் கேட்டால் சொல்வார்கள்.