புள்ளி விழுந்த மரபணு

சாரல் தொடங்கிவிட்டால் குற்றாலம் பேரருவிக்குப் போகும் வழியெங்கும் எண்ணெய் வாசம்தான். உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை தேய்த்துவிடுவார்கள். அப்படியே அருவியில் போய் நின்றால் உடம்பு அலுப்பெல்லாம் பறந்துவிடும். தேய்ப்பவர்களின் கைப்பக்குவத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் 14 வயதுப் பையனுக்கு முழங்காலில் வாரக்கணக்காக வீக்கம், ராத்திரியானால் வலி என்கிறபோது, "சுளுக்காத்தான் இருக்கும், எண்ணெய் போட்டு நீவிவிட்டா சரியாயிரும்" என்று யாராவது சொன்னால் எனக்குப் பதறுகிறது.

அது 'ஆஸ்டியோசார்கோமா' என்னும் எலும்புப் புற்றாகவும் இருக்கலாம். அபூர்வமான நோய்தான், வீங்கிய முழங்கால் எல்லாம் புற்றுநோய் ஆகிவிடாது. ஆனால் எலும்பிலேயே தோன்றும் புற்றுகளில் வளரும் பிள்ளைகளை அதிகம் தாக்குவது இதுதான், அதுவும் பெரும்பாலும் முழங்காலையொட்டி. நோய் இன்னதென்று தெரியுமுன் கட்டியைப் பிடித்து நீவிக்கொண்டவர்களுக்கு நுரையீரல் பரவல் கூடுதலாக இருந்ததாகத் தைவான் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். கை வைப்பதற்கு முன் ஓர் எக்ஸ்ரே எடுத்துவிட வேண்டும். சந்தேகம் என்றால் தென்காசிக்காரர்களுக்குப் பாளையங்கோட்டை அரசு மருத்துவமனை இருக்கிறது. செங்கோட்டை தாண்டினால், 1981-இல் தொடங்கிய திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையமும் எட்டும் தூரம்தான்.

இந்த நோயில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் நுரையீரலுக்குப் போன கட்டிதான். 1970-களுக்கு முன், காலையே எடுத்தும் ஐந்தில் நான்கு பேருக்கு அங்கே கட்டி முளைத்தது. காலை எடுக்குமுன்பே செல்கள் கிளம்பிவிட்டிருந்தன என்றுதானே அர்த்தம்? மெத்தோட்ரெக்சேட், டாக்ஸோரூபிசின், சிஸ்பிளாட்டின் மருந்துகள் வந்தபின், பரவுமுன் பிடிபட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேர் பிழைக்கிறார்கள். பரவியபின் வந்தால் மூன்றில் ஒருவருக்கும் குறைவு.

செல்கள் ஏன் கிளம்புகின்றன? டி.என்.ஏ.வின் எழுத்துகள் சிதைவது ஒரு காரணம். எழுத்து அப்படியே இருக்க, மரபணு வாயடைத்துப் போவது இன்னொன்று. 'க'வின் தலையில் புள்ளி வைத்தால் எழுத்து அதேதான், அதனுள் இருந்த 'அ' மட்டும் போய்விடுகிறது அல்லவா? டி.என்.ஏ.வின் சைட்டோசின் எழுத்தில் ஒட்டும் மெத்தில் அப்படியொரு புள்ளி: ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன், அவ்வளவுதான். மரபணு தொடங்குமிடத்தில் இப்புள்ளிகள் அடர்ந்தால் டி.என்.ஏ. இறுகிச் சுருண்டுகொள்கிறது, மரபணுவைப் படிக்க வரும் புரதங்களுக்கு இடமில்லை. இது இயல்பாகவே எல்லா உடம்பிலும் நடப்பது. தோல் செல் தோலாகவே நீடிக்க, அதற்கு வேண்டாத மரபணுக்கள் அடங்கித்தான் கிடக்க வேண்டும். செல் பிரியும்போது டி.என்.எம்.டி.1 என்னும் நொதி புள்ளிகளையும் சேர்த்தே நகலெடுக்கிறது. அதனால் புற்றுச் செல்லில் தப்பாக விழுந்த புள்ளியும் தலைமுறை தலைமுறையாகத் தொடர்கிறது.

அப்படிப் புள்ளி விழுந்து ஊமையாகும் மரபணுக்களில் ஒன்று விஃப்-1. எலும்புச் செல்களைப் பெருகச் சொல்லும் 'வின்ட்' சமிக்ஞையை, செல்லுக்கு வெளியிலேயே பிடித்து நிறுத்துவது இதன் புரதம். ஆஸ்டியோசார்கோமாவில் இது மெத்தில் ஏறி அடங்கிக் கிடப்பதை 2009-இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. விஃப்-1 இல்லாத எலிகளுக்குக் கதிர்வீச்சால் எலும்புப் புற்று சீக்கிரமே வந்தது. அடுத்த ஆண்டு வேறொரு குழு, மனித எலும்புப் புற்றுச் செல்களுக்குள் விஃப்-1-ஐத் திரும்பச் செலுத்தி எலிகளில் வைத்துப் பார்த்தது. கட்டியும் சிறுத்தது, நுரையீரலில் பரவியதும் குறைந்தது.

அப்படியானால் புள்ளிகளை அழித்துவிடலாமே? அழிக்கும் மருந்துகள் இருக்கின்றன. அசாசிடிடின், டெசிடபின் இரண்டும் எலும்பு மஜ்ஜை நோய்க்காக முறையே 2004, 2006-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றவை. ஆனால் அவை ஆள் பார்த்து அழிப்பதில்லை. ஐ.ஆர்.எக்ஸ்.1 என்னும் மரபணு நேர்மாறாக, தன் மெத்திலை இழந்து விழித்துக்கொள்ளும்போதுதான் எலும்புப் புற்றைப் பரப்புகிறது என்று 2015-இல் சீன ஆய்வாளர்கள் காட்டினார்கள். நல்லதை எழுப்பப் போய்க் கெட்டதையும் எழுப்பிவிட்டால்? என்னைக் கேட்டால், இந்தத் துறையின் மிகக் கடினமான கேள்வி இதுதான்.

ஒரே ஒரு மரபணுவின் வாசலில் மட்டும் புள்ளியை எடுக்கும் கருவியும் ஆய்வகத்தில் உருவாகியிருக்கிறது. டி.என்.ஏ.வைக் குறித்த இடத்தில் வெட்டும் 'கிரிஸ்பர்' கருவியின் வெட்டும் திறனை நீக்கிவிட்டு, மெத்திலை அகற்றத் தொடங்கும் டெட்-1 நொதியை அதில் இணைத்துக் குறித்த இடத்துக்கு அனுப்புவது 2016-லேயே கைகூடியது. நோயாளியின் உடம்புக்குள், ரத்தத்தில் அலையும் புற்றுச் செல்களைத் தேடிப் பிடித்து அதைக் கொண்டுசேர்ப்பதுதான் இன்னும் கைவரவில்லை.