விளைவறி கருவி

திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பு என்னும் இடத்தில் காவிரியாறு இரண்டாகப் பிரிகின்றது. வடகிளை கொள்ளிடம் என்னும் பெயர் பெறுகின்றது. தென்கிளை காவிரி என்ற பெயருடனே செல்கின்றது. இவ்விரண்டிற்கும் இடையே அமைந்த தீவில் திருவரங்கம் திகழ்கின்றது. மலைக்கோட்டையின் உச்சியில் நின்று நோக்குவோர்க்கு, திருவரங்கத்தின் கோபுரங்களும், தென்னந்தோப்புகளும், வாழைத் தோட்டங்களும், நெல் வயல்களும் கண்ணுக்கினிய காட்சியாகும். அவ்வுயரத்திலிருந்து காணுங்கால் வயல்கள் யாவும் ஒரே பசுமையாய்த் தோன்றும்.

அறுவடை நாளிலோ அவ்வொருமை மறைந்துவிடும். ஒரு வயலில் நெல் மூட்டை மூட்டையாய்க் குவியும். வரப்புக்கு அப்பாலுள்ள வயல் அதில் பாதியும் தாராது. ஒரே வயலிலும் மடையோரத்தில் ஒரு விளைவும் கடைக்கோடியில் வேறொரு விளைவும் காணப்படுவதுண்டு. விதை ஒன்று, நட்ட நாள் ஒன்று, இட்ட எருவும் ஒன்று. எனினும் விளைவு வேறுபடுவது ஏன்?

ஆறு படிய வைத்த மண் எங்கும் ஒரு தன்மையதன்று. வெள்ளம் விரைந்து ஓடிய இடத்தில் மணல் தங்கும். தேங்கி நின்ற இடத்தில் களிமண் தங்கும். மேடான பகுதியில் நீர் நில்லாது. பள்ளமான பகுதியில் நீர் வடியாது. திருச்சிராப்பள்ளிக்குத் தெற்கே மணிகண்டம் முதலிய பகுதிகளில் களர் நிலமும் உண்டு. சோடியம் மிகுந்த அம்மண் நனைந்தால் சேறாய்க் குழையும். காய்ந்தால் கல்லாய் இறுகும். பயிரின் வேர் அதில் மூச்சு விடவும் இயலாது தவிக்கும்.

இவ்வேறுபாட்டை அறியாமையால் விளையும் இழப்புப் பெரிது. வயலின் ஒரு மூலையில் பயிர் வெளிறி நிற்பதைக் கண்ட உழவர், அங்கு மேலும் யூரியாவை இடுவார். அவ்விடம் களராயின், இட்ட உரத்தில் ஒரு பகுதி ஆவியாகி வீணே காற்றில் கலந்துவிடும். பணமும் போகும்; பயிரும் தேறாது.

விளைச்சலை அளக்கும் முறை நம் நாட்டிற்குப் புதியதன்று. நெல் வயலில் ஐந்து மீட்டர் நீளமும் ஐந்து மீட்டர் அகலமும் உள்ள பகுதியைக் குறித்து, அதில் விளைந்த நெல்லை அறுத்து நிறுக்கும் பயிர் அறுவடைச் சோதனையை அரசினர் நடத்துகின்றனர். 1940களில் மகலனோபிசு, சுகாத்மே ஆகிய புள்ளியியல் அறிஞர்கள் இத்தகைய முறைகளைச் செம்மைப்படுத்தினர். ஒரு வட்டாரத்தின் சராசரி விளைவை அறிய இஃது ஏற்ற வழியாகும். ஆயின், ஒரு வயலுக்குள்ளே எந்த இடம் மிகுதியாக விளைந்தது, எந்த இடம் குன்றியது என்பதை இது காட்டாது. சராசரி என்பது மேட்டையும் பள்ளத்தையும் ஒன்றாக்கிச் சமவெளியெனக் காட்டுவது.

இக்குறையைப் போக்க எழுந்ததே விளைவறி கருவி. இது 1992 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அறுவடை இயந்திரம் கதிரை அறுத்து, அடித்து, தூற்றி, நெல்மணிகளை மேலே ஏற்றித் தொட்டியில் கொட்டுகின்றது. அங்ஙனம் கொட்டும் வழியில் ஒரு தகடு பொருத்தப்பட்டிருக்கும். மணிகள் அதன்மேல் மோதும் விசையை உணரி என்னும் சிறு கருவி அளக்கும். மற்றோர் உணரி மணியின் ஈரத்தை அளக்கும். இயந்திரம் நிற்கும் இடத்தைச் செயற்கைக்கோள்களின் துணையால் வேறொரு கருவி அறியும்.

கணக்கு எளிதே. இரண்டு மீட்டர் அகலத்தில் அறுக்கும் இயந்திரம், நொடிக்கு ஒரு மீட்டர் செல்வதாகக் கொள்வோம். அஃது ஒவ்வொரு நொடியிலும் இரண்டு சதுர மீட்டர் நிலத்தை அறுக்கின்றது. அந்நொடியில் ஒரு கிலோ நெல் தகட்டில் மோதினால், அவ்விடத்து விளைவு ஏக்கருக்கு ஏறத்தாழ 2,000 கிலோ ஆகும். அரைக் கிலோவே மோதினால் 1,000 கிலோ ஆகும். இங்ஙனம் இடந்தோறும் கிடைத்த அளவுகளை நிறம் வேறுபடுத்தி வரைந்தால், வயலின் விளைச்சற்படம் உருவாகும்.

கருவி கூறுவதை அப்படியே ஏற்றலும் தகாது. அறுத்த கதிரின் மணி தகட்டை அடையச் சில நொடிகள் ஆகும். அத்தாழ்வைக் கணக்கிற் கொள்ளாவிடில் ஓரிடத்து விளைவு வேறிடத்தில் பதிவாகும். ஓரத்தில் எஞ்சிய குறுகிய பட்டையை அறுக்கும்போது, அகலத்தைத் திருத்தாவிடில் விளைவு குறைந்ததுபோல் தோன்றும். ஆதலின், கருவி காட்டிய எடையைத் தராசில் நிறுத்த எடையோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தல் வேண்டும்.

நோயை அறிந்தபின் அதன் காரணத்தையும் ஆராய வேண்டும் என்று வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் அறிவுறுத்துகின்றார். விளைச்சற்படம் நோயுள்ள இடத்தை மட்டுமே காட்டும், காரணத்தைக் காட்டாது. அதனைக் காண மண்ணை ஆய்தல் வேண்டும்; அந்நிலத்தில் பல்லாண்டு உழுதவரின் பட்டறிவையும் கேட்டல் வேண்டும். களர் எனத் தெரிந்தால், ஜிப்சம் இட்டு, நல்ல நீர் தேக்கி வடித்து, தக்கைப்பூண்டை மடக்கி உழுதால் நிலம் திருந்தும். திருச்சிராப்பள்ளியை அடுத்த நாவலூர் குட்டப்பட்டிலுள்ள அன்பில் தர்மலிங்கம் வேளாண்மைக் கல்லூரி, டி.ஆர்.ஒய். 1, டி.ஆர்.ஒய். 3 முதலிய களர் தாங்கும் நெல் வகைகளையும் உருவாக்கித் தந்துள்ளது.

நம் உழவர்களுட் பெரும்பாலோர் சிறு நிலம் உடையவர்கள். அவர்கள் வாடகைக்கு அமர்த்தும் அறுவடை இயந்திரங்களுட் பெரும்பாலானவற்றில் இக்கருவி இல்லை. ஆயினும் இதன் கருத்து அவர்கட்கும் பயன்படும். எல்லா வயல்களின் நெல்லையும் ஒரே குவியலாகக் கொட்டாமல், ஒவ்வொரு வயலின் மூட்டையையும் தனித்தனியே எண்ணி, ஆண்டுதோறும் ஓர் ஏட்டில் எழுதி வரலாம். மூன்று நான்கு ஆண்டுகளில் எந்த வயல் நலிகின்றது என்பது தானே விளங்கும். எழுதக் கற்ற மாணவர் இப்பணியில் தம் பெற்றோர்க்குத் துணையாகலாம். நிலம் ஆண்டுதோறும் தன் குறையைக் கூறிக்கொண்டே இருக்கின்றது. அதனை அளந்து, குறித்து, ஆராய்வார்க்கே அதன் மொழி விளங்கும்.